பிள்ளையின் பேரில் ஊரில் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம் பக்கத்துப் பிள்ளைகள் செயற்கைக்கோள் மென்பொருள், விமான உதிரிபாகம், கடற்படைக்கான மின்கலம் என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை சார்ந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான செக்ரியில் படித்துக் கடல் கடந்தவர்களுக்கு இதெல்லாம் எட்டாத வேலையல்ல. இவற்றில் பலவற்றுக்கு ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’ என்ற பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கான படிவத்தின் பெயர் எஸ்எஃப்-86. அதை நிரப்ப உட்காரும் அன்று ராத்திரி காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ கண்டனூருக்கோ, நம் பக்கத்தில் அப்பச்சி எனப்படும் அப்பாவுக்கு ஒரு போன் வரும். “அப்பச்சி, என் பேர்ல ஊர்ல என்னென்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லப்பா. இருக்கிறதெல்லாம் பொதுவுலதானே கிடக்கு. அதையெல்லாம் எழுதாதே.”

இந்தக் கடிதம் அந்தப் பதிலைப் பற்றியது. அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. இருப்பதை வெளியில் சொல்லிக்கொள்ளாதது நம் பக்கத்துப் பழக்கம். கொடுக்கல் வாங்கலில் இருந்த குடும்பங்களுக்கு வாயடக்கமும் ஒரு முதல். ஆனால் இந்தப் படிவத்தில் அதே வாயடக்கம் பிள்ளையைக் கவிழ்த்துவிடும்.

அனுமதி கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்பவர்கள் பார்ப்பது 2017 ஜூன் 8 முதல் நடப்பில் உள்ள ‘சீட்-4’ என்ற உத்தரவை. ஏ முதல் எம் வரை 13 அளவுகோல்கள் அதில் உண்டு. நமக்கு வேண்டியவை நான்கு. ‘பி’ என்பது அயல்நாட்டுச் செல்வாக்கு: வெளிநாட்டில் கணிசமான தொழிலோ சொத்தோ இருந்தால் அதைக் காட்டி ஒருவரை வளைக்க முடியுமா என்ற கேள்வி. ‘எல்’ என்பது வெளி வேலைகள்: சம்பளத்துக்கோ சும்மாவோ வெளிநாட்டாருக்கும் வெளிநாட்டு அமைப்புக்கும் செய்து கொடுப்பது. ‘எஃப்’ பண விவகாரமும் வரியும். ‘இ’ நடத்தை, கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னது, மறைத்தது எல்லாம் இதில் அடங்கும்.

இந்த நான்கில் முதலாவதுக்கு வெளியே வரும் வழியை உத்தரவே எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சொத்தின் மதிப்பும் தன்மையும் ஒருவரை நெருக்குவதற்குப் போதாதவை என்று காட்டினால் போதும். அமெரிக்காவில் வீடும் ஓய்வூதியக் கணக்குமாக நாலு லட்சம் டாலர் வைத்திருப்பவரை ஊரிலுள்ள ஐயாயிரம் டாலர் பெறுமான பங்கைக் காட்டி யாரும் மிரட்ட முடியாது என்பது விசாரிப்பவருக்கும் தெரியும். ‘இ’-யில் மாட்டினால் அப்படியல்ல. அங்கே சொத்தின் அளவு கணக்கில் வராது. நாலணா விஷயத்தை மறைத்தாலும் மறைத்ததுதான். தெரிந்தே பொய்யாகக் கையெழுத்திட்டது நிரூபணமானால், அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 18-இன் 1001-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு.

படிவத்தில் தொழில் சம்பந்தமான கேள்விகள் ஒரே இடத்தில் இல்லை. அதனால்தான் தவறவிடுகிறார்கள். 13ஏ பிரிவு, கடந்த 10 ஆண்டில் செய்த எல்லா வேலையையும் இடைவெளியில்லாமல் கேட்கிறது. பகுதிநேர வேலை, சொந்தத் தொழில், வேலையில்லாமல் இருந்த மாதங்கள்கூட அதில் வர வேண்டும். வாரக் கடைசியில் கண்டாங்கிச் சேலை வரவழைத்து நியூஜெர்சியில் விற்கும் பெண், “கம்பெனி பதிவு செய்யவில்லை, லாபமும் இல்லை, இதென்ன தொழில்” என்று விட்டுவிடுவார். லாபமா நட்டமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சொந்தத் தொழில் என்று எழுதினால் அதை உறுதிசெய்ய ஒருவர் பெயரும் கேட்கும். சொந்தக்காரரைப் போடுவதைவிட வாடிக்கையாளரையோ வரிக்கணக்கு எழுதுபவரையோ போடுவது நல்லது. காரைக்குடியிலுள்ள நாத்தனார் முதல் போட்டு லாபத்தில் பங்கு எடுக்கிறார் என்றால் அது 13ஏ-யோடு முடியாது. வெளிநாட்டாரோடு கூட்டுத் தொழில் என்று 20பி-யிலும் ஏறும்.

20ஏ வெளிநாட்டில் உள்ள பணம், பங்கு, வங்கிக் கணக்கு, நிறுவன உரிமை, நிலம், வீடு ஆகியவற்றைக் கேட்கிறது. இங்கே கால வரம்பு கிடையாது. ‘எப்போதாவது’ என்பதுதான் கேள்வி. இன்ன தொகைக்கு மேல் என்ற கீழ்வரம்பும் கிடையாது. விண்ணப்பிப்பவர் மட்டுமல்ல, கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள் பேரில் உள்ளதும் சேர்த்தி. தன் சார்பில் வேறொருவர் நிர்வகிக்கும் சொத்துக்குத் தனிக் கேள்வி உண்டு. வெளிநாட்டாருக்கு எப்போதாவது பண உதவி செய்ததுண்டா என்று இன்னொரு கேள்வி. மாதாமாதம் அப்பச்சிக்கும் ஆத்தாளுக்கும் அனுப்பும் பணம் இதில்தான் வரும். அந்தப் படிவத்தின் கண்ணுக்குப் பெற்றவர்களும் அயல்நாட்டார்தான். 20பி கடந்த 7 ஆண்டுக்குள் வெளிநாட்டுத் தொழிலிலோ அமைப்பிலோ உள்ளவருக்கு யோசனை சொன்னது, ஒத்தாசை செய்தது, கூட்டுச் சேர்ந்தது ஆகியவற்றைக் கேட்கிறது.

இனி இவை நம் ஊர் விவகாரங்களோடு எங்கே முட்டுகின்றன என்று பார்ப்போம்.

முதலில் வளவு வீடு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட பூர்வீக வீடு. கொள்ளுத் தாத்தா கட்டிய வீட்டுக்கு அவருடைய நான்கு ஆண்மக்கள் வழியில் நான்கு கிளைகள். கிளைக்குக் கால் பங்கு. நம் கிளையில் அப்பச்சியோடு சேர்த்து அண்ணன் தம்பிகள் மூவர் என்றால் அப்பச்சி வழிக்குப் பன்னிரண்டில் ஒன்று. அப்பச்சிக்கு ஒரு மகன், ஒரு மகள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதலும் மத்தியச் சட்டத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதலும் சொல்கின்றன. அப்பா உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. ஆகவே அந்தப் பன்னிரண்டில் ஒன்று மூன்றாகப் பிரிந்து ஆளுக்கு 36-இல் ஒரு பங்கு. (2004 டிசம்பர் 20-க்கு முன் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தால் கணக்கு வேறு.) வீடு இன்றைக்கு 1 கோடியே 44 லட்சம் பெறும் என்றால் ஒரு பங்கு 4 லட்சம். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் சுமார் 4,700 டாலர். இவ்வளவுதான் விஷயம். இதை மறைக்கப் போய்த்தான் லட்ச டாலர் சம்பள வேலையைப் பணயம் வைக்கிறார்கள். கல்யாணமாகிப் போன மகளுக்கு எதுவும் இல்லை என்று நினைத்து அவரிடம் சொல்லாமலே விட்டுவிடுவது இன்னும் நடக்கிறது. அவர் ‘இல்லை’ என்று எழுதுவது அவருடைய பிழையல்ல; ஆனால் விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

படிவத்தில் இந்த வீட்டை எழுதும்போது நான்கு இடங்களில் தடுக்கும். வாங்கிய விலை: பூர்வீகம் என்பதால் பூஜ்யம், காரணத்தைக் குறிப்பில் எழுதலாம். கிடைத்த தேதி: சரியாகத் தெரியாவிட்டால் ‘உத்தேசம்’ என்ற கட்டத்தில் குறியிட்டு ஆண்டை எழுதலாம். தற்போதைய மதிப்பு: அரசு வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு இரண்டில் எதை எடுத்தோம் என்று சொல்லிவிட வேண்டும், குறைவாகத் தெரிகிறதே என்று வழிகாட்டி மதிப்பை எடுத்துவிட்டுச் சந்தை மதிப்பு போலக் காட்டுவது வம்பு. நான்காவதுதான் நம் பக்கத்துக்கே உரிய தலைவலி: கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, குடியுரிமை, உறவு. வளவைச் சுற்றிய அறைகளுக்குச் சாவி வைத்திருப்பவர்கள் கோலாலம்பூர், கோவை, கலிபோர்னியா என்று சிதறிக் கிடப்பார்கள். இருபது பேர் பெயரும் உடனே கிடைக்காது. தெரிந்தவர்களை முழு விவரத்தோடு எழுதி, மற்றவர்கள் மூதாதை வழி வந்த பிரிவுபடாத பங்காளிகள், பட்டியல் கேட்டிருக்கிறோம் என்று குறிப்புப் பெட்டியில் சேர்த்தால் சரியாக இருக்கும். அந்தப் பங்காளிகளில் யாரோடு நெருங்கிய, தொடர்ந்த பழக்கம் இருக்கிறதோ அவர் 19-ஆம் பிரிவிலும் வர வேண்டும். பெரியப்பா மகன் 18-ஆம் பிரிவின் உறவினர் பட்டியலில் இல்லை. ஆனால் பாசத்தாலோ கடமையாலோ இருவருக்கும் பொதுவான அக்கறையாலோ கட்டுண்ட வெளிநாட்டுத் தொடர்பு என்பதை 19 கேட்கிறது. ஒரே வீட்டில் பங்கு இருப்பதைவிடப் பொதுவான அக்கறை வேறென்ன?

போகிறபோக்கில் இன்னொன்று. நம்மிடையே பிள்ளை கூட்டுகிற வழக்கம் உண்டு. சுவீகாரம் போனவர் பெற்றவர்களையும் கூட்டிக்கொண்டவர்களையும் சேர்த்தே 18-இல் எழுத வேண்டும், விளக்கம் குறிப்பில். பள்ளிச் சான்றிதழில் ஓர் அப்பா, பாஸ்போர்ட்டில் இன்னோர் அப்பா என்று இருந்தால் இது இன்னும் அவசியம்.

வீட்டைவிட ஆபத்தானது கூட்டுவணிகப் பத்திரம். அரிசி ஆலை, நகைக்கடை, பைனான்ஸ் என்று பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் தொழிலில், வரிக்காகவோ ராசிக்காகவோ பையனை மைனராக இருக்கும்போதே சேர்த்துவிடுவது உண்டு. பழைய பத்திரத்தை இரும்புப்பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்தால் மூன்றாம் பக்கத்தில், “மேற்படி மைனருக்கு லாபத்தில் 100-க்கு 8 பாகம், நஷ்டத்தில் பாத்தியம் இல்லை” என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த வரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1932-ஆம் ஆண்டு கூட்டுவணிகச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு என்ன சொல்கிறதென்றால், மைனர் மேஜரான நாளிலிருந்தோ, தன்னைச் சேர்த்திருப்பது தெரியவந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 6 மாதத்துக்குள் ‘நான் பங்குதாரராக இருக்கிறேன்’ அல்லது ‘இல்லை’ என்று பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் 6 மாதம் முடிந்ததும் அவர் முழுப் பங்குதாரர், கடனுக்கும் சேர்த்து. பொது அறிவிப்பு என்றால் பதிவான கூட்டுவணிகத்துக்குப் பதிவாளரிடம் நோட்டீஸ், அரசிதழில் வெளியீடு, தொழில் நடக்கும் மாவட்டத்தில் உலவும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலாவது வெளியீடு. உங்கள் பத்திரிகையின் பின்பக்கங்களில் அப்படி எத்தனை அறிவிப்பு வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், எத்தனை பேர் இந்தச் சட்டம் அறியாமலே பங்குதாரர்களாக இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

எனவே பிள்ளை கேட்கும்போது ஞாபகத்திலிருந்து பதில் சொல்லாமல், பத்திரத்தை எடுத்துப் படித்துவிட்டுச் சொல்லவும். திருத்தப் பத்திரங்கள் இருந்தால் கடைசிப் பத்திரம் வரை பார்க்கவும். பிறகு பதிவாளரிடம் உள்ள பதிவில் யார் யார் பெயர் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பத்திரத்தில் நீக்கிவிட்டுப் பதிவில் நீக்காமல் விட்டது நிறைய உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் பதிவெண்ணைப் போட்டால் பங்குதாரர் பெயர்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் நிறுவனங்கள் அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர் பட்டியல் இருக்கிறது. வில்லங்கச் சான்றையும் கூட்டுப் பட்டாவையும் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம். நமக்கு இரண்டு நிமிடத்தில் கிடைப்பது விசாரிப்பவருக்குக் கிடைக்காது என்று நம்புவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கடைப் பத்திரத்தில் விலாசம் எனப்படும் குடும்ப முன்னெழுத்துகளாக மூன்று இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பச்சி பெயர் முழுதாக நீண்டிருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒரே இனிஷியல். மூன்றும் ஒருவரே என்று தெரியப் படிவத்தின் 5-ஆம் பிரிவில், வேறு பெயர்கள் என்ற இடத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒளித்து வைத்ததுபோலத் தோன்றும்.

‘பேர் மட்டும்தான், பணம் எடுத்ததில்லை’ என்பது அடுத்த சமாதானம். எடுக்காவிட்டாலும் முதல் கணக்கில் லாபம் வரவு ஏறியிருக்கும். ஐந்தொகையைப் பார்த்தால் தெரியும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 10(2ஏ) பிரிவில் கூட்டுவணிகத்திலிருந்து பங்குதாரருக்கு வரும் லாபப் பங்குக்கு அவர் கையில் வரி இல்லை என்று வைத்தது; வரியை வணிகமே கட்டிவிடும். அதனால் இங்கே அது வருமானமாகவே யார் மனத்திலும் பதிவதில்லை. அமெரிக்காவோ தன் குடிமகன் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கணக்குக் கேட்கும் நாடு. வங்கிக் கணக்கும் அப்படித்தான். வெளிநாட்டுக் கணக்குகளின் இருப்பு எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கை கொடுக்க வேண்டும். ஆத்தா தன் வைப்புத் தொகையில் ஆத்திர அவசரத்துக்கு என்று மகன் பெயரைச் சேர்த்திருந்தால் அந்தக் கணக்கின் முழு இருப்பும் மகனின் எஃப்பாரில் வரும். எஸ்எஃப்-86-இல் கணக்கைக் காட்டி வரித்துறைக்குக் காட்டாமல் இருந்தால் ‘எஃப்’ அளவுகோல் எழுந்து நிற்கும். ஆகவே முதலில் அமெரிக்க வரிக் கணக்கரிடம் போய் விட்டுப்போன ஆண்டுகளைச் சரிசெய்து, அந்த ரசீதுகளோடு படிவத்தில் எழுதுவதுதான் முறை. வரி பயத்தில் படிவத்தையும் பொய்யாக்குவது ஒரு பிழையை இரண்டாக்குவது.

அப்பச்சி நடத்தும் டீமேட் கணக்கு இன்னொரு பொறி. பையனின் பான் எண், பையனின் பழைய கையெழுத்து, ஓடிபி வரும் சிம் கார்டு அப்பச்சியின் சட்டைப்பையில். பையனுக்கு என்னென்ன பங்கு இருக்கிறதென்றே தெரியாது. தன் சார்பில் பிறர் நிர்வகிக்கும் வெளிநாட்டுச் சொத்து என்று 20ஏ கேட்பது இதைத்தான். பவர் பத்திரம் கொடுத்துவிட்டுப் போன மனை, தோட்டம் இவற்றையும் மறக்கக் கூடாது; நிர்வாகம் அப்பச்சி கையில் இருந்தாலும் சொத்து பிள்ளையுடையதே.

மருமகள் பக்கம் பார்த்தால், சீதனமாக வந்த பணம் பிறந்த வீட்டுக் கடையில் அவர் பேரில் வரவு வைக்கப்பட்டு ஆண்டாண்டாக வட்டி ஏறிக்கொண்டிருக்கும். ரசீது இருக்காது, பேரேட்டில் ஒரு பக்கம் இருக்கும். அதுவும் வெளிநாட்டு முதலீடுதான். கணவர் விண்ணப்பித்தால் கணவர் படிவத்தில் ஏறும். மலேசியாவில் ஐயா காலத்து எஸ்டேட் பங்கு, இலங்கையில் விற்காத கட்டடம் என்று இந்தியாவுக்கு வெளியே இருப்பதும் அப்படியே. நம்மவர் வைத்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியே 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. பல நாட்டில் கணக்கு இருப்பது நமக்கு வியப்பல்ல. படிவம் படிப்பவருக்குத்தான் வியப்பாக இருக்கும், அதனால் ஒரு வரி வரலாறும் சேர்த்து எழுதுவது உதவும்.

காசு புழங்காத விஷயங்களையும் கவனிக்க வேண்டும். நகரத்தார் கோயிலில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி கட்டுவது தொழில் அல்ல. ஆனால் பள்ளி அறக்கட்டளையிலோ விடுதி நிர்வாகக் குழுவிலோ பெயர் டிரஸ்டியாக நின்றால், கூட்டத்துக்கு ஒரு தடவைகூடப் போகாவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். ‘எல்’ அளவுகோல் சம்பளமில்லாத சேவையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கானாடுகாத்தானில் சித்தப்பா நடத்தும் பாரம்பரிய விடுதிக்கு ராத்திரி உட்கார்ந்து இணையதளம் செய்து கொடுத்தது, ஆத்தங்குடிக் கல் ஏற்றுமதிக்கு அங்கே ஆள் பிடித்துக் கொடுத்தது எல்லாம் 20பி சொல்லும் யோசனையும் ஒத்தாசையும். இவற்றால் அனுமதி நின்றுபோகும் என்று பயப்பட வேண்டியதில்லை. விடுதிக்கு இணையதளம் செய்ததில் நாட்டு ரகசியம் எதுவும் இல்லை. அதே பிள்ளை பாதுகாப்புத் தொழில்நுட்பம் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு யோசனை சொன்னால் கதை வேறு. அங்கே கேள்வி நிச்சயம் நீளும்.

விஷயம் தெரிந்தவர்கள்போலச் சிலர் ஊரில் சொல்லும் ‘பரிகாரங்கள்’ உண்டு. முன்தேதியிட்டு விலகல் பத்திரம் எழுதி வை என்பது முதலாவது. முத்திரைத்தாளின் பின்புறம் விற்பனையாளர் முத்திரையோடு விற்ற தேதி இருக்கும். மின்முத்திரை என்றால் நிமிடம் வரை இருக்கும். பிடிபடுவது ஒருபுறம், இங்கேயே அது குற்றம். தவிர, கேள்வி ‘எப்போதாவது இருந்ததா’ என்பதால், உண்மையாகவே நேற்று விலகியிருந்தாலும் விலகிய தேதியோடு எழுதத்தான் வேண்டும். இரண்டாவது பரிகாரம், ஆத்தா பேருக்கு தானசெட்டில்மெண்ட் எழுதிவிடு என்பது. எழுதலாம், தடையில்லை. ஆனால் விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் பதிவான செட்டில்மெண்டைப் பார்க்கிறவர் முதலில் கேட்பது ‘ஏன் இப்போது’ என்பதே. வாடகை தொடர்ந்து பிள்ளை கணக்குக்கே வந்தால் இன்னும் மோசம். விலக வேண்டும் என்றால் விலகுவதற்கான உண்மையான காரணத்தோடு, சட்டப்படி, இன்றைய தேதியில் விலகி, அப்படியே எழுதுவதுதான் நிற்கும்.

ஏற்கெனவே தவறாக எழுதி அனுப்பிவிட்டவர்களுக்கு: ‘இ’ அளவுகோலிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. பிறர் ஆதாரத்தைக் காட்டிக் கேட்பதற்கு முன், தானாகவே, தாமதமில்லாமல் திருத்தினால் அது சாதகமாக எடுத்துக்கொள்ளப்படும். நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம். விசாரணை அதிகாரி நேரில் பேசும்போது அவர் கேட்பதற்கு முன்பே சொல்லலாம். ‘ஊரில் விசாரித்தபோது இன்ன பத்திரம் கிடைத்தது, இன்ன தேதியில் தெரிந்தது’ என்று நகலோடு சொன்னால் போதும். அவர் ஜிஎஸ்டி தளத்தின் அச்சுப்படியை மேசையில் வைத்த பிறகு நினைவு வந்ததாகச் சொல்வதற்கு அந்த மதிப்பு இல்லை. ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு விஷயம் முற்றினால் ஆட்சேபக் காரணங்கள் அடங்கிய கடிதம் வரும். பதிலுக்கு 20 நாள்தான் கெடு. இருபது நாளில் இங்கிருந்து பத்திர நகல் எடுத்து, மொழிபெயர்த்து, அனுப்பி வைப்பது எவ்வளவு சிரமம் என்பது பதிவு அலுவலக வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அனுமதி கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. ‘சீட்-3’ உத்தரவுப்படி, டாப் சீக்ரெட் அளவில் இருப்பவர் வெளிநாட்டுத் தொழிலில் நேரடி ஈடுபாடு, வெளிநாட்டு வங்கிக் கணக்கு, வெளிநாட்டுச் சொத்து ஆகியவை புதிதாக வந்தால் தெரிவிக்க வேண்டும். சீக்ரெட் அளவில் இருப்பவர் தன் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டுக்கொள்வது நல்லது. குடும்பத்தில் பெரியவர் காலமாகிக் காரியமெல்லாம் முடிந்ததும் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்குகிறோமே, அந்தத் தாளில் பிள்ளையின் பெயர் ஏறிய அன்றே பிள்ளைக்கு ஒரு நகல் போக வேண்டும். துக்கத்தில் இருப்பவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒரு வருடம் கழித்துச் சொல்வது அவருக்குச் செய்யும் உதவியல்ல.

இங்கேயே மத்திய அரசுப் பணியில் இருப்பவர்களுக்கும் இதே பழக்கம் கேடு செய்கிறது. 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 15-ஆவது விதி, முன் அனுமதியில்லாமல் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிகத்தில் ஈடுபடக் கூடாது என்பதோடு, குடும்பத்தார் வணிகம் செய்தாலோ காப்பீட்டு ஏஜென்சி, கமிஷன் ஏஜென்சி வைத்திருந்தாலோ அரசுக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. மனைவி பேரில் ஏஜென்சி எடுப்பவர்கள் முதல் பாதியைப் படித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

குடும்பங்களுக்கு ஒரு யோசனை. பங்காளிகள் எல்லாரும் முன்னோர் வழிபாடான படைப்புக்குக் கூடும்போது, கூட்டுச் சொத்து, கூட்டுத் தொழில் விவரத்தை ஒரே தாளில் எழுதி வீட்டுக்கு ஒரு நகல் கொடுத்துவிடலாம். வேண்டியவை இவ்வளவே: சொத்தின் சர்வே எண் அல்லது கதவு எண், பத்திர எண்ணும் ஆண்டும், பங்கு பின்னத்தில், இன்றைய மதிப்பு, அதை எந்த மாதத்தில் யார் போட்டது, பங்காளிகளின் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், எந்த நாட்டுக் குடியுரிமை, முகவரி. கடை என்றால் பதிவெண், ஜிஎஸ்டி எண், சேர்ந்த தேதி, விலகியிருந்தால் விலகிய தேதி. தாளின் அடியில் அதை எழுதியவரின் போன் எண்ணும் இருக்கட்டும்; படிவத்தை நிரப்புகிறவருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு சந்தேகம் வரும்.

இப்படிக்கு,
கணக்கு, வரி ஆலோசகர்கள் சிலர்,
காரைக்குடி